பழைய இணையச் சொற்களும் எங்கள் ஊர்த் துறைமுகமும்

கணினி அறிவியல் படிக்கும் எங்களுக்கு ஐந்தாம் செமஸ்டரில் வலையமைப்பு பற்றி ஒரு பாடம் உண்டு. அதைப் பற்றி மாணவர்கள் மத்தியில் பரவலாக இருக்கும் அபிப்பிராயம் இதுதான்: "எல்லாம் பழங்கதை. பாக்கெட், கேட்வே, ஹோஸ்ட், லேயர் என்று நாற்பது ஐம்பது வருடத்துச் சொற்கள். இப்போது எல்லாமே கிளவுடில் இருக்கிறது. பரீட்சைக்குப் படித்துவிட்டு மறந்துவிடலாம்."

எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தப் பழைய சொற்களில் பெரும்பாலானவை, எந்த வேலைக்கு யார் பொறுப்பு என்பதைச் சொல்வதற்காகவே பிறந்தவை. 'கிளவுட்' என்ற சொல் அதைச் சொல்வதில்லை. மேகம் மாதிரியே மூடிக்கொள்கிறது. (வேடிக்கை என்னவென்றால் அதுவும் பழைய ஆட்களின் வழக்கம்தான். வலையமைப்பைப் படமாக வரையும்போது, "இதற்குள் என்ன நடக்கிறது என்பது இப்போது நமக்குத் தேவையில்லை" என்ற இடத்தில் ஒரு மேகத்தை வரைந்துவிடுவார்கள். தேவையில்லை என்று ஒதுக்கி வைத்த இடத்தின் பெயரையே பின்னால் விற்பனைப் பெயராக்கிவிட்டார்கள்!)

நான் தூத்துக்குடிக்காரன். வகுப்பில் எனக்கு இந்தச் சொற்கள் கொஞ்சம் சுலபமாகப் பிடிபட்டதற்கு என் மூளை காரணமில்லை, ஊர்தான் காரணம் என்று நினைக்கிறேன்.

முதலில் ஒரு தற்செயல். 1974 மே மாதம் வின்ட் சர்ஃப், ராபர்ட் கான் என்ற இருவர் ஒரு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். வெவ்வேறு விதமான வலையமைப்புகளை எப்படி ஒன்றோடொன்று பேச வைப்பது என்பதுதான் அதன் பொருள். இன்றைய இணையத்தின் விதை அது. அதே வருடம் ஜூலை 11-ஆம் தேதி தூத்துக்குடியில் புதிதாகக் கட்டிய துறைமுகம் நாட்டின் பத்தாவது பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. இரண்டுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆனால் இரண்டும் தீர்க்க வந்த பிரச்சினை ஏறக்குறைய ஒன்றுதான்.

பழைய துறைமுகத்தில் கடல் ஆழம் குறைவு. பெரிய கப்பல்கள் கரையிலிருந்து சில மைல் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். கரையிலிருந்து படகுகளில் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு போய்க் கப்பலில் சேர்க்க வேண்டும். வண்டியிலிருந்து கிட்டங்கிக்கு, கிட்டங்கியிலிருந்து படகுக்கு, படகிலிருந்து கப்பலுக்கு என்று ஒவ்வொரு மூட்டையும் எத்தனை முதுகு மாறியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். வழி மாறும் ஒவ்வொரு இடத்திலும் சரக்கைப் பிரித்து, எண்ணி, மறுபடி அடுக்க வேண்டும். கிழிசல், நனைச்சல், களவு எல்லாம் அந்த இடங்களில்தான்.

உலகம் முழுவதும் இதுதான் நிலைமை. 1956 ஏப்ரல் 26-இல் மால்கம் மெக்லீன் என்ற அமெரிக்க லாரி முதலாளி 'ஐடியல் எக்ஸ்' என்ற கப்பலில் 58 பெட்டிகளை ஏற்றி நெவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். சரக்கைத் தொடாமல் பெட்டியை மட்டும் மாற்றுவது என்பதுதான் யோசனை. பிறகு அளவுகள் தரப்படுத்தப்பட்டன. இருபது அடி, நாற்பது அடி. நான்கு மூலையிலும் ஒரே மாதிரி துளைகள். கப்பலானாலும் ரயிலானாலும் டிரெய்லரானாலும் அந்த மூலைகளைப் பிடிக்கத் தெரிந்தால் போதும்.

சர்ஃபும் கானும் செய்தது இதைத்தான். அப்போது தரைவழி வலையமைப்பு ஒன்று, வானொலி அலையில் ஒன்று, செயற்கைக்கோள் வழியே ஒன்று என்று தனித்தனியாக இருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு வேகம், ஒரு அளவு, ஒரு பழக்கம். இவர்கள் எதையும் இடித்துக் கட்டச் சொல்லவில்லை. ஒரு பொதுவான பெட்டியை வரையறுத்து, வலையமைப்புகள் சந்திக்கும் இடத்தில் பெட்டியை இறக்கி ஏற்ற ஒரு கருவியை வைத்தார்கள். அதற்கு அவர்கள் இட்ட பெயர் 'கேட்வே'. இன்று நாம் ரூட்டர் என்கிறோம். 1977 நவம்பர் 22-இல் அமெரிக்காவில் ஓடிக்கொண்டிருந்த ஒரு வேனிலிருந்து கிளம்பிய செய்தி, இந்த மூன்று விதமான வலையமைப்புகளையும் கடந்து, ஐரோப்பா போய்த் திரும்பி வந்து சேர்ந்தது.

எங்கள் ஊரில் இன்று இருக்கும் ஒரு பெட்டக முனையத்தின் பெயரிலேயே 'கேட்வே' இருக்கிறது: தக்ஷிண் பாரத் கேட்வே டெர்மினல். பெயர் வைத்தவருக்கு நெட்வொர்க் தெரியுமோ என்னவோ, பெயர் பொருத்தம்தான்.

என் தாய்மாமா ஒருவர் சரக்குப் பெட்டக நிலையமொன்றில் பல வருடம் டேலி கிளார்க்காக இருந்தார். சின்ன வயதில் அவரிடம் நான் வழக்கமாகக் கேட்கும் கேள்வி, "மாமா, இந்தப் பெட்டிக்குள்ள என்ன இருக்கு?" என்பதுதான். அவர் சொல்வார்: "ஏல மருமவனே, உள்ள முந்திரியா, உப்பா, மூட்டைப்பூச்சியான்னு நமக்கு எதுக்கு? நம்பர் சரியா இருக்கா, சீல் உடையாம இருக்கா, அவ்வளவுதான் பாக்கணும். உள்ள என்னங்கிறது அனுப்புனவனுக்கும் வாங்குறவனுக்கும் உள்ள விவகாரம்."

பின்னாளில் வகுப்பில் ஐ.பி. தலைப்பகுதியைப் பற்றிப் படித்தபோது இந்தப் பேச்சுதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

கண்டெய்னரின் கதவில் ஒரு எண் எழுதியிருக்கும், கவனித்திருப்பீர்கள். முதலில் நான்கு எழுத்து. அதில் மூன்று உரிமையாளரைக் குறிக்கும், நான்காவது பெட்டியின் வகை. பிறகு ஆறு இலக்கம். கடைசியில் தனியாகக் கட்டம் கட்டி ஒரே ஒரு இலக்கம். அந்தக் கடைசி இலக்கம் சரிபார்ப்பு எண். முந்தைய பத்து இடங்களையும் ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு என்று இரட்டிப்பாகும் எண்களால் பெருக்கிக் கூட்டி, பதினொன்றால் வகுத்தால் மீதியாக வருவது. யாராவது 3-ஐ 8 என்று படித்துவிட்டால் கணக்கு உதைக்கும்.

ஐ.பி. பொதியின் தலைப்பகுதியிலும் இப்படி ஒரு சரிபார்ப்புக் கூட்டுத்தொகை உண்டு. ஆனால் அது தலைப்பகுதிக்கு மட்டும்தான்! முகவரி சரியாக இருக்கிறதா என்று வழியிலுள்ள ஒவ்வொரு ரூட்டரும் பார்க்கும். உள்ளே இருக்கும் சரக்கு சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது அதன் வேலையில்லை. அது இரு முனையிலும் இருக்கும் டி.சி.பி.யின் வேலை. பின்னால் வந்த ஐ.பி. ஆறாம் பதிப்பில் தலைப்பகுதிச் சரிபார்ப்பையும் தூக்கிவிட்டார்கள். முனைகள் எப்படியும் பார்க்கத்தானே போகின்றன, நடுவில் எதற்கு இரட்டை வேலை என்று.

ஏன் இப்படி? எம்.ஐ.டி.யைச் சேர்ந்த சால்ட்சர், ரீட், கிளார்க் மூவரும் 1984-இல் பத்திரிகையில் வெளியிட்ட ஒரு கட்டுரையில் விளக்கியிருக்கிறார்கள். 'முனைக்கு முனை' வாதம் என்று அதற்குப் பெயர். அதில் அவர்கள் சொல்லும் ஒரு உண்மைச் சம்பவம் எனக்கு மிகவும் பிடிக்கும். அவர்களுடைய வலையமைப்பில் ஒவ்வொரு கட்டத்திலும் பொதிகளைச் சரிபார்த்தார்கள். எனவே கோப்புகள் பத்திரமாகப் போகும் என்று நம்பினார்கள். ஆனால் நடுவில் இருந்த ஒரு கேட்வே கணினிக்குள்ளேயே ஒரு கோளாறு. ஒரு நினைவகத்திலிருந்து இன்னொன்றுக்கு நகல் எடுக்கும்போது எப்போதாவது இரண்டு பைட்டுகள் இடம் மாறிவிடும். கம்பியில் வரும்போது சரி, கம்பியில் போகும்போது சரி. கெட்டது இடையில், பெட்டிக்குள். நாளடைவில் இயங்குதளத்தின் மூல நிரல்கள் பல கெட்டுப்போய், பழைய அச்சுப் பிரதிகளை வைத்துக் கையால் ஒப்பிட்டுத் திருத்த வேண்டியதாயிற்று.

எங்கள் ஊரில் இதைச் சொன்னால் உப்பு ஏற்றுமதி செய்பவர்கள் சிரிப்பார்கள். எல்லாத் துறைமுகத்திலும் சீல் சரியாக இருந்தது என்று காகிதம் இருக்கும். பெட்டியைத் திறந்தால் உள்ளே ஈரம் இறங்கிக் கட்டிக் கட்டியாக இருக்கும். கடைசியில் வாங்குபவன் திறந்து பார்ப்பதைத் தவிர வேறு எந்தச் சரிபார்ப்பும் முழுமையானது இல்லை. நடுவில் செய்வதெல்லாம் வேகத்துக்கு உதவும், சீக்கிரம் கண்டுபிடிக்க உதவும். உத்தரவாதம் ஆகாது.

சரி, நடுவில் இருப்பவன் என்னதான் வாக்குறுதி தருகிறான்? பாடப்புத்தகத்தில் இதற்கு 'பெஸ்ட் எஃபர்ட்' என்று பெயர். நேர்மையான தமிழில் சொன்னால், "முடிஞ்ச வரைக்கும் பாக்கேன்." பொதி தொலையலாம், தாமதமாகலாம், இரண்டு முறை வரலாம், வரிசை மாறி வரலாம். வலையமைப்பு எதற்கும் பொறுப்பேற்காது. இதைக் கேட்டதும் வகுப்பில் எல்லோருக்கும் ஒரு ஏமாற்றம். இவ்வளவு பெரிய இணையம், இவ்வளவு அலட்சியமான வாக்குறுதியா?

இதற்கு முத்துக்குளிப்பு நல்ல உதாரணம். எங்கள் கடலில் அரசு நடத்திய பெரிய முத்துக்குளிப்புகள் 1955-இல் தொடங்கி 1961-உடன் முடிந்துவிட்டன. நான் பார்த்ததில்லை, கேட்டதுதான். குளிப்பவர் ஒரு கல்லின் கனத்தில் பல பாக ஆழத்துக்கு இறங்குவார். மூச்சை அடக்கிக்கொண்டு சிப்பிகளைப் பையில் சேர்ப்பார். மேலே படகில் ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார். கீழே இருப்பவர் கயிற்றை ஒரு இழு இழுத்தால் மேலே இருப்பவர் சரசரவென்று தூக்கிவிட வேண்டும். அந்தக் கயிற்றை மைத்துனன் கையில்தான் கொடுப்பார்கள், தங்கை தாலி அறுக்க அவன் விடமாட்டான் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு.

கடல் யாருக்காவது எதையாவது உறுதி சொன்னதா? கடலும் "முடிஞ்ச வரைக்கும்" ரகம்தான். நம்பகத்தன்மை கடலில் இல்லை, கயிற்றின் இரண்டு முனையிலும் இருக்கும் இரண்டு ஆட்களிடம் இருந்தது. டி.சி.பி. செய்வது இதுவேதான். அனுப்பியவன் ஒவ்வொரு பைட்டுக்கும் எண் போட்டு, ஒரு நகலைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பான். "வந்து சேர்ந்தது" என்று அந்த முனையிலிருந்து ஒரு இழுப்பு வர வேண்டும். குறிப்பிட்ட நேரத்துக்குள் வராவிட்டால் தொலைந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு மறுபடி அனுப்புவான். மௌனமும் ஒரு செய்திதான். வெகுநேரம் கயிற்றில் அசைவே இல்லை என்றால் மேலே நிற்பவன் சும்மா இருப்பானா?

இந்த ஏற்பாட்டின் அருமை தெரிந்தது 1986 அக்டோபரில். கலிபோர்னியாவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பக்கத்திலிருக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இடையே தூரம் 400 கஜம்தான். நொடிக்கு 32 ஆயிரம் பிட் போய்க்கொண்டிருந்த இணைப்பு திடீரென்று 40 பிட்டுக்கு விழுந்தது. காரணம் நெரிசல். பொதி தொலைகிறது, எல்லோரும் மறுபடி அனுப்புகிறார்கள், நெரிசல் கூடுகிறது, இன்னும் தொலைகிறது. துறைமுக வாசலில் லாரிகள் நிற்கும்போது பின்னால் வருபவன் எல்லாம் ஆரன் அடித்துக்கொண்டு முன்னால் புகுந்தால் என்ன ஆகும், அதுதான். வான் ஜேக்கப்சன் என்பவர் 1988-இல் இதற்குத் தீர்வு வெளியிட்டார். நடுவில் போலீஸ்காரர் யாரையும் நிறுத்தவில்லை. முனையில் இருக்கும் ஒவ்வொருவனும், பொதி தொலைந்தால் அதையே நெரிசலின் அடையாளமாக எடுத்துக்கொண்டு தன் வேகத்தைத் தானே பாதியாகக் குறைத்துக்கொள்ள வேண்டும். நன்றாகத் தூக்கிக் கட்டிய லுங்கி மாதிரி, இணையம் மறுபடி நடக்க ஆரம்பித்தது. ரூட்டர்களை மாற்ற வேண்டியிருக்கவில்லை. முனைகளில் இருந்த மென்பொருளை மாற்றினால் போதுமாக இருந்தது.

'ஹாப்' என்ற சொல்லையும் பார்த்துவிடுவோம். தூத்துக்குடியில் ஏறும் பெட்டிகளில் பல நேராக ஐரோப்பா போவதில்லை. சிறிய கப்பலில் கொழும்புக்குப் போகும், அங்கே பெரிய கப்பலுக்கு மாறும். கொழும்பு ஒரு ரூட்டர். 2023 கடைசியில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட ஆரம்பித்ததும் பெரிய கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு போயின. நாள் கூடியது, வாடகை கூடியது. ஆனால் அனுப்பியவர் பெட்டியை மாற்றவில்லை, பெட்டியின் எண்ணையும் மாற்றவில்லை. வழி என்பது வழியில் இருப்பவர்களின் கவலை. 2024 பிப்ரவரியில் அதே செங்கடலில் மூன்று கடலடிக் கேபிள்கள் அறுந்தபோது தரவுப் பொதிகளும் அதையேதான் செய்தன. வேறு கேபிள்களில் சுற்றிக்கொண்டு போயின.

கடலடிக் கேபிள் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். 2006-இல் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கு அருகே உள்ள கல்கிசைக்கும் இடையே பி.எஸ்.என்.எல்.லும் ஸ்ரீலங்கா டெலிகாமும் சேர்ந்து ஒரு கேபிள் போட்டன. பாரத் லங்கா கேபிள் என்று பெயர். முந்நூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல். தோணி போன பாதையில் கண்ணாடி இழையும் போயிருக்கிறது என்பது ஊரில் பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும், "அப்போ நம்ம வீட்டு நெட்டு வேகமா இருக்கணுமே?" என்று கேட்பார்கள். இருக்க வேண்டியதில்லை. அந்தக் கேபிள் இரண்டு நிறுவனங்களின் வலையமைப்புகளுக்கு இடையேயான பாதை. என் வீட்டுப் பொதி அதில் ஏறுமா என்பதைத் தீர்மானிப்பது வழித்தட அட்டவணை, நில வரைபடம் இல்லை. ரயில் தண்டவாளம் வீட்டுக்குப் பின்னால் போகிறது என்பதற்காக வீட்டு வாசலில் ரயில் நிற்குமா?

இவ்வளவு சொன்னதால் பழையது எல்லாம் பொன் என்று நான் சொல்வதாக எண்ண வேண்டாம். 'ஏ வகுப்பு, பி வகுப்பு, சி வகுப்பு' முகவரிகள் என்ற பாகுபாடு 1993-லேயே வழக்கொழிந்துவிட்டது. இன்னும் எங்களுக்குப் பத்து மதிப்பெண் கேள்வியாக வருகிறது. ஓ.எஸ்.ஐ.யின் ஏழு அடுக்குகள் இணையத்தின் படம் இல்லை, அது போட்டியில் நின்று தோற்ற வேறொரு வீட்டின் படம். அடுக்கு என்ற கருத்து வேண்டும், ஏழு என்ற எண்ணிக்கை வேண்டாம். அதை உருப்போட வாய்ப்பாடு கண்டுபிடிக்கும் நேரத்தில் ஒரு பொதியை வயர்ஷார்க்கில் பிடித்துப் பார்க்கலாம்.

முனைக்கு முனை வாதத்தையும் வேதவாக்காகக் கொள்ளக் கூடாது. மீனும் இறாலும் போகும் குளிர்பதனப் பெட்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றுக்குத் துறைமுகத்திலும் கப்பலிலும் மின்சாரம் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். "நான் நடுவில் இருப்பவன், எனக்கு எதுவும் தெரியாது" என்று துறைமுகம் சொன்னால் சரக்கு நாறிவிடும். குரல் அழைப்பு, காணொளி எல்லாம் இந்த ரகம். தாமதமானால் கெட்டுப்போகும் சரக்கு. ஆக நடுவில் சில வசதிகள் தேவைதான். ஆனால் பிளக் கொடுப்பதற்குப் பெட்டியைத் திறக்க வேண்டியதில்லை. இறால் யாருடையது என்று பார்த்து, வேண்டியவன் இறாலுக்கு மட்டும் மின்சாரம் கொடுப்பது வேறு விஷயம். 2016 பிப்ரவரி 8-இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், உள்ளடக்கத்தைப் பார்த்துத் தரவுக்கு வெவ்வேறு கட்டணம் வாங்கக் கூடாது என்று தடை போட்டது இதற்காகத்தான். அந்த விவாதம் நாடு முழுக்க ஓடியது. அதில் 'முனைக்கு முனை' என்ற பழைய சொல்லைத் தெரிந்து வைத்திருந்தவர்களின் வாதம் தெளிவாக இருந்தது. தெரியாதவர்கள், "ஏழைகளுக்கு இலவசமாகக் கொடுப்பதை ஏன் தடுக்கிறீர்கள்?" என்ற இடத்திலேயே நின்றுவிட்டார்கள்.

நடுவில் இருப்பவன் எட்டிப் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கு இன்னொரு பாடமும் இருக்கிறது. பல வருடங்களாக வழியிலுள்ள கருவிகள் டி.சி.பி. தலைப்பகுதியையும் படித்து, தங்களுக்குப் பழக்கமில்லாத எதையும் தூக்கிப் போட ஆரம்பித்தன. விளைவு, டி.சி.பி.யில் புதிதாக எதையும் சேர்ப்பது மிகவும் கடினமாகிவிட்டது. கடைசியில் 2021-இல் குயிக் என்ற புதிய நெறிமுறை தரமானது. அது யு.டி.பி.யின் மேல் ஏறிப் போகிறது, தன் தலைப்பகுதியின் பெரும்பகுதியையும் மறையாக்கம் செய்து மூடிவிடுகிறது. புதிது புதிது என்கிறோமே, அது செய்த காரியம் பெட்டிக்கு மறுபடி சீல் வைத்ததுதான். 1984 கட்டுரையைப் படிக்காதவனுக்கு இது ஏன் என்று புரியாது.

சொற்களைத் தமிழில் கொண்டு வந்தவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 'போர்ட்' என்பதற்குத் 'துறை' என்று போட்டிருக்கிறார்கள். எனக்குப் பரம திருப்தி. ஒரு துறைமுகத்துக்கு ஒரே பெயர், அதற்குள் தளங்களுக்கு எண். நிலக்கரிக்கு ஒரு தளம், பெட்டகத்துக்கு ஒரு தளம். அதே போல ஒரு கணினிக்கு ஒரு முகவரி, அஞ்சலுக்கு 25, வலைப்பக்கத்துக்கு 80, பூட்டிய வலைப்பக்கத்துக்கு 443. 'பாக்கெட்' என்பதற்குப் பொதி என்பார்கள் சிலர், சிப்பம் என்பார்கள் சிலர். சிப்பம் எங்கள் ஊர்க் கடைத்தெருச் சொல், எனக்கு அதில் ஒரு சாய்வு உண்டு. 'ஹோஸ்ட்' என்பதைப் 'புரவலன்' என்று எழுதியவர்களும் உண்டு. புலவருக்குப் பொன் கொடுப்பவன் என்ற நினைப்பு வந்துவிடுவதால் அது எனக்கு ஒட்டவில்லை. பொதியை அனுப்பும் கையும் வாங்கும் கையும் அதுதான் என்ற பொருள் அதில் வரவில்லை.

இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் என்று இன்னும் நினைப்பவர்களுக்காக 2018-க்கு வருகிறேன். அந்த வருடம் மே 22-ஆம் தேதி ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான போராட்டத்தில் துப்பாக்கிச் சூடு நடந்து 13 பேர் இறந்தார்கள். மறுநாள் 23-ஆம் தேதி தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் ஐந்து நாட்களுக்கு இணையச் சேவையை நிறுத்தச் சொல்லி மாநில அரசின் உத்தரவு வந்தது. வதந்தி பரவாமல் தடுக்க என்று காரணம் சொல்லப்பட்டது.

இணையம் எந்தத் தாக்குதலையும் சுற்றிக்கொண்டு போகும், அணுகுண்டு போட்டாலும் சாகாது என்று ஒரு கதை உண்டு. பிறகு எப்படி ஒரு தாளில் மூன்று மாவட்டங்களில் நின்றது? 'இணையத்தை முடக்கிவிட்டார்கள்' என்ற ஒற்றை வாக்கியத்தில் இதற்குப் பதில் இல்லை. பழைய சொற்களில் கேட்டால் கிடைக்கும். எந்த அடுக்கில் நின்றது? குரல் அழைப்பு உத்தரவில் இல்லை, இணையம்தான் இருந்தது. ஆகவே கோபுரமும் கம்பியும் அலைக்கற்றையும் வேலை செய்துகொண்டுதான் இருந்தன. அவற்றின் மேல் ஏறிப் போகும் ஐ.பி. பொதிகளைத்தான் ஏற்றவில்லை. எந்த இடத்தில் நின்றது? நடுவில் இல்லை. நடுவில் கொழும்பு இல்லையென்றால் இன்னொன்று, இந்தக் கேபிள் இல்லையென்றால் அந்தக் கேபிள். ஆனால் முனைக்கும் முதல் கேட்வேக்கும் இடையே மாற்று வழி கிடையாது. என் கைப்பேசிக்கு ஒரு நிறுவனம், என் பக்கத்து வீட்டுக்கு இன்னொன்று, மொத்தத்தில் விரல் விட்டு எண்ணக்கூடிய நிறுவனங்கள். அத்தனையும் உரிமத்தின் கீழ் இயங்குபவை. அத்தனைக்கும் ஒரே உத்தரவு போகும். பழைய கட்டுரைகள் வலையமைப்புகள் பல இருக்கும் என்று எடுத்துக்கொண்டே பேசின. வாசல் எத்தனை, சாவி யாரிடம் என்பதைப் பற்றி அவை அதிகம் பேசவில்லை. பழைய படத்தில் இருக்கும் ஓட்டை இது. ஆனால் அந்தப் படத்தை வைத்துத்தான் ஓட்டை இருக்கும் இடத்தைக் காட்டவும் முடிகிறது.

சுங்கத்துறை சந்தேகம் வந்த பெட்டியைத் திறக்கும். அதற்குச் சட்டம் இருக்கிறது, குறிப்பிட்ட பெட்டி, குறிப்பிட்ட காரணம், எழுத்தில் பதிவு. 2018-இல் நடந்தது பெட்டியைத் திறப்பது இல்லை, துறைமுகத்தின் வாசலையே பூட்டுவது. வதந்திச் சிப்பமும் போகவில்லை, அடிபட்டவர் எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்ற சிப்பமும் போகவில்லை. அப்போது இருந்தவை 2017-இல் வந்த தற்காலிக நிறுத்த விதிகள். 2020 ஜனவரி 10-இல் உச்ச நீதிமன்றம், காஷ்மீர் வழக்கில், இப்படிப்பட்ட உத்தரவுகளை வெளியிட வேண்டும், காலவரம்பின்றி நிறுத்தக் கூடாது என்றது. 2024 நவம்பரில் பழைய விதிகளுக்குப் பதிலாகப் புதிய விதிகள் வந்தன. அடுத்த முறை இப்படி ஒரு உத்தரவு எந்த ஊருக்கு வந்தாலும், அந்தத் தாளைக் கையில் வாங்குபவர்கள் அதில் தேட வேண்டியது இரண்டு: எந்த அடுக்கு, எந்த வாசல்.